நீர்நாயை முதலில் பார்த்தவர்

"பார்க்கலைன்னு சொல்லிடு."

"பார்த்துட்டேனே அக்கா."

"பார்த்தா என்ன? எழுதலையே. எழுதாத வரைக்கும் நீ பார்க்கலை."

"அது என்னைப் பார்த்துடுச்சு."

"அது எழுதாது. பயப்படாதே."

ஜீப் ஓட்டும் அக்கா இதைச் சொல்லிவிட்டுச் சாவிக் கொத்தைச் சுழற்றினாள். நாங்கள் இருவரும் அலுவலகத்தின் கீழ்த்தள முகப்பில், அலங்காரத் தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தோம். வட்டமான சிமெண்டுத் தொட்டி. நடுவில் எப்போதோ தண்ணீர் பீய்ச்சிய சிமெண்டு மீன் ஒன்று வாயைத் திறந்தபடி நிற்கும். நேற்று மாலை வரை அதில் பதினொரு தங்க மீன்கள் இருந்தன. இன்று காலை பத்து மணிக்கு ஒரு நீர்நாய் இருந்தது. அது மல்லாந்து மிதந்துகொண்டு, பதினொன்றாவது மீனை இரண்டு கையாலும் பிடித்து, யாரோ விருந்துக்குக் கூப்பிட்டு வந்ததுபோல நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

மூன்று நாளாக மழை. கட்டடத்துக்குப் பின்னால் ஓடும் கால்வாய் நிரம்பி, பின்வாசல் படியில் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தப் படியேறி இதுவும் வந்திருக்க வேண்டும். வந்த இடம்தான் வேடிக்கை. மாநிலத்தின் அத்தனை காட்டு உயிர்களையும் நிர்வகிக்கும் வனவுயிர்த் துறையின் தலைமை அலுவலகம் இது. இந்தக் கட்டடத்துக்குள் ஒரு விலங்கு நுழைந்தால் அதைப் பார்ப்பதற்கு ஒருவர்கூடக் கிடையாது.

அதற்குக் காரணம் முதல் பார்வை விதி.

விதி மிகவும் சின்னது. காட்டு விலங்கு எதையாவது முதலில் பார்த்துப் பதிவு செய்கிற பணியாளரே அந்த விலங்கின் ஆயுள் வரை அதற்குப் பொறுப்பு. கூட இருந்து பார்த்து, சாட்சிக் கையெழுத்துப் போடும் மேலதிகாரிக்கும் அதே பொறுப்பு. அந்த விலங்கு உயிரோடு இருக்கும்வரை இருவருக்கும் இடமாறுதல் கிடையாது, ஓய்வு கிடையாது. எழுதியவர் நல்ல மனசுக்காரராகத்தான் இருந்திருப்பார். பார்த்தவருக்கு அக்கறை வரும் என்று நம்பியிருப்பார். வந்தது கழுத்துவலிதான்.

எங்கள் கண்காணிப்பாளரைப் பார்த்தால் புரியும். ஒன்பது வருடமாக அவர் கீழே பார்த்ததில்லை. வாசலில் ஜீப்பை விட்டு இறங்கும்போதே தலையை நிமிர்த்திவிடுவார். மாடிப்படியைக் காலால் எண்ணுவார். கையெழுத்துப் போடும்போது நான் காகிதத்தை அவர் முகத்துக்கு மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். அவர் பேனாவை மேல்நோக்கிப் பிடித்து எழுதுவார், மை இறங்காமல் பாதிக் கையெழுத்து நிற்கும். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் மேகம் சார். கூரையில் எந்த விரிசல் எந்த வருடம் விழுந்தது என்று கேட்டால் தேதியோடு சொல்வார்.

எனக்கும் ஒரு பெயர் உண்டு. திருத்தம். இந்த விதியை எடுத்துவிட்டு வேறொன்று வைக்கும் மசோதாவை நான்கு வருடமாகத் திருத்தித் திருத்தி எழுதியவள் நான். "திருத்தம் வந்துட்டா, பிழை இருந்தா எடுத்து ஒளிச்சு வைங்க" என்று பிரிவில் கத்துவார்கள். மசோதாவில் நான் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. விலங்குக்குப் பொறுப்பு தனி ஆளுக்கு இல்லை, சரகத்துக்கு. பார்த்தவர் மாறிப் போகலாம், பதிவேடு போகாது. மேலே ஒரு ஆணையம். அதில் அதிகாரிகள் மட்டுமில்லாமல் ஆராய்ச்சி செய்கிறவர், மீன் பிடிக்கிறவர், காட்டோரம் விவசாயம் பார்க்கிறவர் எல்லோரும் உட்கார வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை கணக்கெடுத்து, அதை ஊரறிய வெளியிட வேண்டும். கடைசியாக ஒரு வரி: பார்த்ததற்காக யாருக்கும் தண்டனை இல்லை. அந்த வரியை எழுதிய அன்று நானே எழுந்து நின்று எனக்குக் கை தட்டிக்கொண்டேன்.

மசோதா இன்று மதியம் சட்டமன்றக் குழுவின் முன்னால் வருகிறது. தேர்தலுக்கு முன் இன்றுதான் கூட்டத்தொடரின் கடைசி நாள். குழு ஒப்புக்கொண்டால் சாயங்காலம் வாக்கெடுப்பு. இல்லையென்றால் மசோதா காலாவதி. அடுத்த அரசு, அடுத்த குழு, அடுத்த நான்கு வருடம்.

என் கைப்பையில் இன்னொரு காகிதமும் இருந்தது. காலையில்தான் வந்தது. எனக்கு இடமாறுதல் ஆணை. திங்கட்கிழமை முதல் கடற்கரை ஊர்க் கிளை அலுவலகத்தில் வேலை. என் கணவர் அங்கேதான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். எங்கள் ஐந்து வயது மகளும் அங்கேதான். மூன்று வருடமாக எட்டு மணிநேர ரயிலுக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நான்.

"அதனாலதான் சொல்றேன்," என்றாள் அக்கா. "மூணு வருஷம் காத்திருந்து கிடைச்ச ஆர்டர். ஒரு மீசைக்காரனுக்காக விட்டுடாதே. கண்ணை மூடிக்கோ."

"நீங்க பார்க்கிறீங்களே?"

"நான் டிரைவர். டிரைவர் பார்க்கிறது ரோட்டை மட்டும்னு விதியிலயே போட்டிருக்கு. யானையே வந்து குறுக்க நின்னாலும் எனக்கு அது ரோடுதான்."

நீர்நாய் மீனின் வாலை வாயில் உறிஞ்சி முடித்துவிட்டு, சிமெண்டு மீனின் மேல் ஏறி உட்கார்ந்து உடம்பைச் சிலுப்பியது. தண்ணீர் எங்கள் இருவர் மேலும் தெறித்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் நான்கு எழுத்தர்கள் வந்தார்கள். தொட்டியை நெருங்கியதும் நான்கு பேரும் ஒரே அசைவில் கோப்புகளை முகத்துக்கு முன்னால் தூக்கினார்கள். ஒருவர் சுவரில் மோதினார். மற்றொருவர், "மழை சாரல் உள்ள வரை அடிக்குதே," என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிவிட்டுப் படியேறினார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அன்று முழுக்க எனக்கு அப்படித்தான் இருந்தது. கால் தரையில் பாவவில்லை. இடமாறுதல், மசோதா, நீர்நாய் மூன்றும் ஒரே நாளில் வந்தால் யாருக்குத்தான் தலைகால் புரியும்?

பதினோரு மணிக்குக் கணவர் கூப்பிட்டார்.

"சமையலறை அலமாரிக்கு ஆசாரி வந்திருக்கார். எவ்வளவு உயரம் வேணும்?"

"எனக்கு எட்டுற உயரம்."

"அதைத்தான் கேட்கிறேன். உன் கை எவ்வளவு தூரம் எட்டும்னு எனக்கு மறந்து போச்சு."

வேடிக்கைக்குத்தான் சொன்னார். நான் மேசையருகே எழுந்து நின்று, கையைத் தூக்கி, சுவரில் பென்சிலால் கோடு போட்டு, அளவுகோலால் அளந்து சொன்னேன். பின்னாலிருந்து மகளின் குரல், "எனக்கும் ஒரு தட்டு! எனக்கும்!" என்று கத்தியது. போனை வைத்த பிறகும் அந்தப் பென்சில் கோட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணிக்கு மூன்றாவது மாடிக் கூட்ட அறையில் குழு கூடியது. ஐந்து உறுப்பினர்கள். குழுத் தலைவி அரசியலுக்கு வருவதற்கு முன் பல் மருத்துவராக இருந்தவர். எதிரே உட்கார்ந்தால் யாராக இருந்தாலும் தானாக வாயைத் திறந்துவிடுவார்கள். எங்கள் இயக்குநர் காய்ச்சலில் படுத்துவிட்டதால் மசோதாவை எடுத்துச் சொல்லும் வேலை மேகம் சார் தலையில் விழுந்தது. அவர் கூரையைப் பார்த்து உட்கார்ந்தார். நான் பக்கத்தில் காகிதங்களோடு.

தலைவி எங்கள் ஆண்டறிக்கைகளை அடுக்கி வைத்திருந்தார். ஒன்பது அறிக்கைகள். ஒவ்வொன்றாகத் திறந்து, ஒரே பக்கத்தை எடுத்து மேசையில் போட்டார்.

"இந்த வருஷம் புதுசா காணப்பட்ட விலங்குகள்: இல்லை. போன வருஷம்: இல்லை. அதுக்கு முந்தின வருஷம்: இல்லை. ஒன்பது வருஷமா இல்லை. இல்லாததை நிர்வாகம் பண்ண எதுக்குங்க ஒரு ஆணையம்?"

"அசைவுகள் இருக்கும்மா," என்றார் மேகம் சார் கூரையிடம்.

"என்ன இருக்கு?"

"அசைவுகள். வடக்குச் சரகத்துல கொம்புள்ள அசைவு முந்நூறு இருக்கும். ஆத்தோரம் ஓடுள்ள அசைவு நிறைய. போன மாசம் நெடுஞ்சாலையில லாரி மோதி ஒரு அசைவு அசைவில்லாம கிடந்துச்சு."

"மான்னு சொன்னா என்ன?"

"சொன்னா பார்த்ததா ஆயிடும்மா."

உறுப்பினர்களில் ஒருவர் குடித்துக்கொண்டிருந்த தேநீரை மூக்கு வழியாக விட்டார். தலைவியும் சிரித்துவிட்டார், ஆனால் சீக்கிரம் நிறுத்திக்கொண்டார்.

"போன கோடையில தெற்குச் சதுப்பு நிலத்தைக் கிடங்கு கட்டறதுக்குக் கொடுத்தோம். நான்தான் கையெழுத்துப் போட்டேன். உங்க அறிக்கையில அங்க ஒரு தவளைகூட இல்லைன்னு இருந்துச்சு."

அங்கே தவளைகளின் சத்தத்தில் ஜீப்பின் ஹாரன் கேட்காது என்று டிரைவர் அக்கா சொல்லியிருக்கிறாள். மேகம் சாரின் கழுத்தில் ஒரு நரம்பு மட்டும் துடித்தது.

"நீங்க சொல்றதை நான் நம்பறேன்," என்றார் தலைவி. "ஆனா சபையில இருக்கிறவங்க நம்ப மாட்டாங்க. 'நல்ல விதி, அதனாலதான் பிரச்சினையே இல்லை'ம்பாங்க. எனக்கு ஒண்ணு வேணும். ஒரே ஒரு விலங்கு. இந்த வருஷத்துது. உங்க சொந்த விதிப்படி, சாட்சியோட பதிவானது. அதை வெச்சுக்கிட்டு, 'இதோ பாருங்க, ஒன்பது வருஷத்துல முதல் தடவை ஒருத்தர் துணிஞ்சிருக்கார்'னு நான் பேசிக்கிறேன். நாலு மணிக்கு நான் சபைக்குக் கிளம்பணும்."

"ஆமை இருக்கேம்மா," என்றேன்.

"எந்த ஆமை?"

"பதிவறையில. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாடி பதிவானது."

"இந்த வருஷத்துது கேட்டேன்," என்று கடிகாரத்தைப் பார்த்தார் தலைவி. இரண்டே முக்கால்.

நான் வெளியே ஓடினேன். படியில் இறங்கும்போதுதான், எதற்காக ஓடுகிறேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். நான் எழுதி, மேலதிகாரி சாட்சி போட்டால், மசோதா சபைக்குப் போகும். நிறைவேறினால் விதியே போய்விடும். நான் திங்கட்கிழமை ரயிலேறலாம். நிறைவேறாவிட்டால் நான் இந்த நீர்நாயோடு இந்த ஊரில். நீர்நாய் பதினைந்து வருடம் வரைகூட இருக்கும் என்று படித்திருக்கிறேன். மகளுக்கு இருபது வயதாகியிருக்கும்.

எழுதாமல் விட்டாலோ மசோதா நிச்சயம் காலாவதி. ஆனால் திங்கட்கிழமை ரயில் நிச்சயம்.

கணவருக்குப் போன் போட்டேன்.

"திங்கட்கிழமை நான் வரலைன்னா என்ன பண்ணுவீங்க?"

கடையில் யாரோ கண் பரிசோதனை எழுத்துப் பலகையை உரக்கப் படிக்கும் குரல் பின்னால் கேட்டது.

"நீ எதையோ பார்த்துட்டே," என்றார்.

"ஆமா."

"என்னது?"

"நீர்நாய்."

போன் கைமாறியது. "அம்மா, அதுக்கு மீசை இருக்கா?"

"இருக்குடா. நிறைய."

"அப்பா, மீசை இருக்காம்!"

மறுபடி அவர் குரல். "ஆசாரிகிட்ட அலமாரியை நீ சொன்ன உயரத்துலயே அடிக்கச் சொல்லிட்டேன். இனி மாத்த முடியாது. அதனால நீ வந்தே ஆகணும், எப்போ வர்றேங்கறதுதான் கேள்வி." பிறகு கடைக்காரர் குரலுக்கு மாறினார். "எழுதறதா இருந்தா ஒழுங்கா எழுது. நிறத்தை விட்டுடாதே. பார்க்கிறவங்க எல்லாரும் நிறத்தைத்தான் தப்பாச் சொல்லுவாங்க."

எழுதுவதற்குப் படிவம் வேண்டும். ஒன்பது வருடமாக யாரும் கேட்காததால் முதல் பார்வைப் படிவத்தை அச்சடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். கிடைத்தால் ஒரே இடத்தில்தான் கிடைக்கும். கீழ்த்தளப் பதிவறைக் கதவைத் தட்டினேன்.

உள்ளே ஆமைக்காரர் ஆமைக்குக் கீரை கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். வயது அறுபத்தொன்பது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவருக்கு ஓய்வு நாள் வந்தது. கேக்கும் வெட்டியாகிவிட்டது. வாயில் கேக்கோடு நின்றவரிடம் கோப்பு திரும்பி வந்தது: 'ஆமை உயிருடன் உள்ளது.' அன்றுதான் இந்தக் கட்டடத்தில் எல்லோரும் பார்ப்பதை நிறுத்தினார்கள். அவருக்குச் சாட்சி போட்ட அதிகாரி இறந்துபோனார். ஆமை சௌக்கியமாக இருக்கிறது.

"சார், முதல் பார்வைப் படிவம் இருக்கா?"

அவர் கீரையை வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். இந்தக் கட்டடத்தில் தைரியமாகக் கீழே பார்க்கக்கூடியவர் அவர் ஒருவர்தான். அவருக்கு இதற்கு மேல் ஆவதற்கு ஒன்றுமில்லை.

"என்னத்தைப் பார்த்தே?"

"நீர்நாய்."

"அப்பாடா," என்று பெருமூச்சு விட்டார். "நான் யாராவது காக்கா, கிளின்னு ஏதாவது சொல்லுவாங்கன்னு பயந்தேன். நீர்நாய் நல்ல பிராணி. சிரிக்கும். இது சிரிக்கவே சிரிக்காது." ஆமையைக் காட்டினார். "இருபத்தாறு வருஷமாச்சு. ஒரு தடவை கொட்டாவி விட்டுச்சு, அவ்வளவுதான்."

"படிவம்..."

"ஆமைத் தொட்டிக்கு அடியில இருக்கு. ஒரு பக்கம் தூக்கு."

இருவருமாகத் தொட்டியைச் சாய்த்தோம். தொட்டி ஆடாமலிருக்க முட்டுக் கொடுத்திருந்த காகிதக் கட்டில் ஒரே ஒரு படிவம் எழுதப்படாமல் இருந்தது. ஒரு மூலையை ஆமை தின்றிருந்தது. பதினேழு கட்டங்கள். ஆமைக்காரர் அதை ஊதி, தொடையில் தேய்த்து நீவிக் கொடுத்தார்.

"மசோதா போச்சுன்னா பக்கத்து ரூம் காலியாத்தான் இருக்கு," என்றார். "சாயங்காலம் பேச்சுத் துணைக்கு ஆச்சு." பிறகு என் முகத்தைப் பார்த்து, "விளையாட்டுக்குச் சொன்னேம்மா. ஓடு," என்றார்.

முகப்புத் தொட்டியில் நீர்நாய் இல்லை. ஈரக் காலடித் தடம் படியேறிப் போயிருந்தது. நான் தடத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினேன், ஓடிக்கொண்டே எழுதினேன்.

கட்டம் ஒன்று, பார்த்த இடம்: அலங்காரத் தொட்டி. கட்டம் இரண்டு, அப்போது விலங்கு என்ன செய்துகொண்டிருந்தது: பதினொன்றாவது மீன்.

முதல் மாடியில் கணக்கெடுப்புப் பிரிவு. நான் கதவைத் திறந்தபோது இருபது பேர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீர்நாய் மேசைக்கு மேசை தாவிப் போய்க்கொண்டிருந்தது. ஒருவர் மடியில் ஏறி இறங்கியது. அவர், "இன்னிக்கு மடியில ஏதோ அசைவு," என்று மெல்ல முனகினார். பக்கத்தில் இருந்தவர், "பேசாதீங்க, பேசினாப் பதிவாயிடும்," என்றார்.

கட்டம் ஏழு, நிறம். நின்று பார்த்தேன். மேலே நனைந்த மரப்பட்டை நிறம். தொண்டையில் பால் சிந்தியது மாதிரி வெளுப்பு. மூக்கு கறுப்பு, அதில் சின்ன வெட்டுத் தழும்பு. ஒன்பது வருடத்தில் இந்தக் கட்டடத்தில் யாரும் ஒரு விலங்கை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை என்று தோன்றியது. தோன்றியதும் இன்னும் ஒரு தடவை பார்த்தேன்.

இரண்டாவது மாடியில் டிரைவர் அக்கா எதிரே வந்தாள். "இந்த ரோடு மேல போகுது," என்று கையைக் காட்டினாள். "லெஃப்டுல திரும்பி, மூணாவது மாடி. ரொம்ப வேகமாப் போகுது இந்த ரோடு."

கட்டம் பதினாறு, விலங்கின் மனநிலை. 'மகிழ்ச்சி' என்று எழுதினேன். பதினேழு, பார்த்தவர் கையொப்பம். மூன்றாவது மாடிப் படியின் கடைசிப் படியில், முழங்காலில் காகிதத்தை வைத்து, இடமாறுதல் ஆணை இருந்த கைப்பையை அதற்கு அடியில் முட்டுக் கொடுத்து, கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து கொஞ்சம் பெரிதாக விழுந்தது.

கூட்ட அறைக்கு நான் போவதற்கு முன்னால் அது போய்விட்டிருந்தது.

மணி மூன்று ஐம்பத்திரண்டு. தலைவியும் உறுப்பினர்களும் நாற்காலியில் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு, குழந்தைகள் மாதிரி மேசைக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேகம் சார் மட்டும் கூரையைப் பார்த்தபடி இருந்தார். நீர்நாய் அவருடைய வலது காலணியின் மேல் படுத்து, அதன் நாடாவை மென்றுகொண்டிருந்தது.

நான் படிவத்தைத் தலைவியின் முன்னால் வைத்தேன். மூச்சு வாங்கியது. அவர் வரி வரியாகப் படித்தார்.

"நிறம் நல்லா எழுதியிருக்கீங்க," என்றார். "சாட்சி?"

"நீங்கதான் பார்க்கிறீங்களேம்மா."

"நான் பார்த்தா ஆகாது. துறை அதிகாரி பார்க்கணும்." அவர் பேனா மேகம் சார் பக்கம் திரும்பியது. அறையில் இருந்த ஒரே அதிகாரி அவர்தான்.

நான் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"சார்."

"சொல்லும்மா."

"கால் ஈரமா இல்லையா சார்?"

"மழை பேஞ்சுதேம்மா."

"அறைக்குள்ள பெய்யலை சார்."

"கூரை ஒழுகும்."

"கூரையைத்தானே பார்த்துட்டு இருக்கீங்க. ஒழுகுதா?"

அவர் நேர்மையான மனிதர். கூரை முழுவதையும் மூலை மூலையாகத் தேடினார். "இல்லை," என்று ஒப்புக்கொண்டார்.

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். நான் அடக்கவில்லை. அவர் உதடும் ஒரு பக்கம் இழுபட்டது. பிறகு, எனக்கு மட்டும் கேட்கும்படி, "நான் ரிட்டயராக இன்னும் பத்தொன்பது நாள் இருக்கும்மா," என்றார். "சின்னதா ஒரு படகு வாங்கி வெச்சிருக்கேன். ரெண்டு பேர்தான் உட்காரலாம். அதுல உட்கார்ந்து, குனிஞ்சு, தண்ணியை நல்லாப் பார்க்கணும். ஒன்பது வருஷமா அது ஒண்ணுதான் என் மனசுல."

"தெரியும் சார்."

"சபையில மசோதா தோத்துட்டா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "தோத்துட்டா நான் கீழ்த்தளத்துல, நீங்க மூணாவது மாடியில. நடுவுல இது ஏறி இறங்கிட்டு இருக்கும்."

நீர்நாய் நாடாவை விட்டுவிட்டு, அவர் காலுறையின் விளிம்புக்குள் மூக்கை விட்டு முகர்ந்தது. மேகம் சார் நெளிந்தார். கூச்சம் என்று தெரிந்தது.

"மூக்கு சில்லுன்னு இருக்கு," என்றார்.

"ஆமா சார்."

"மீசையும் இருக்கோ?"

"இருக்கு சார்."

"என்ன நிறம்மா?"

படிவத்தைப் பார்க்காமலே சொன்னேன். நனைந்த மரப்பட்டை, சிந்திய பால், மூக்கில் தழும்பு. அவர் கேட்டுக்கொண்டே கண்களை மூடினார். மூடிய கண்களோடு தலை கொஞ்சம் கீழே இறங்கியது. ஒன்பது வருடமாக இறங்காத கழுத்து. எலும்பு நறுக்கென்று சொடுக்கியது மேசைக்கு அந்தப் பக்கம் வரை கேட்டது. மோவாய் மார்பைத் தொடும் தூரத்துக்கு வந்து, அங்கேயே நின்றது. இமைகள் மட்டும் திறக்கவில்லை. அவை உள்ளிருந்து துடிப்பது தெரிந்தது.

தலைவி எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். கடிகாரத்தில் பெரிய முள் பன்னிரண்டைத் தொட இன்னும் ஒரு மயிரிழை இருந்தது. கதவருகில் டிரைவர் அக்கா ஜீப் சாவியைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் நின்றாள். என் போன் பைக்குள் அதிர்ந்துகொண்டேயிருந்தது, ஆசாரியோ, மகளோ.

நான் மண்டியிட்டு உட்கார்ந்தேன். தலைவியிடமிருந்து படிவத்தை வாங்கி மேகம் சாரின் முழங்காலில் விரித்து, சாட்சிக் கட்டம் இருந்த இடத்தில் அவர் விரலை எடுத்து வைத்தேன். ஒன்பது வருடத்தில் முதல் முறையாகப் பேனாவை முனை கீழே பார்க்கும்படி அவர் கையில் கொடுத்தேன். நீர்நாய் தலையைத் தூக்கி, அவருடைய மூடிய கண்களை மேலே பார்த்துக் காத்திருந்தது.

"சார்," என்றேன், "ஒரே ஒரு தடவை கண்ணைத் திறங்களேன்."